எட்டாம் தொட்டி

அந்த மாதம்
எங்கள் கொட்டகையில் பாட்டு குறையவே இல்லை.

கோன்கேனுக்கு வடக்கே, கரும்புக்கும் மரவள்ளிக்கும் நடுவே
பன்னிரண்டு சிமெண்ட் தொட்டிகள்.
நிறுத்தி அடுக்கிய முட்டை அட்டைகளுக்குள்
எண்ணி முடியாத சுவர்க்கோழிகள்.
விளிம்பில் வழுக்கும் டேப், மேலே வலை.
பூசணி, மரவள்ளித் தழை, மூட்டைத் தீவனம்.
நாற்பத்தைந்தாம் நாள்
பனிக்கட்டியில் உறங்கி லாரி ஏறிவிடும்.

எட்டாம் தொட்டி மட்டும் உச்சி மதியத்திலும் பாடியது.
ஆண்கள் இறக்கை உரசுவதும்
பெண்கள் முதுகேறுவதும் ஓயவில்லை.
மெலிவு இல்லை. மூலையில் ஒடுங்கல் இல்லை.
இரவில் போட்ட பூசணி விடிந்தால் வெறும் தோல்.
"இந்தத் தடவை கொட்டப் போகிறது" என்றார் புன்சோங்.
கூட்டுறவில் கடன் எழுதி
இருபது முட்டைக் கிண்ணங்கள் புதிதாக வாங்கினார்.
நான் தடுக்கவில்லை.
அந்தப் பாட்டைக் கேட்டபடிதான் நானும் தூங்கினேன்.

உமிச்சாம்பலை நனைத்துக் கிண்ணங்களில் வைத்தோம்.
பெண்கள் வந்து ஊசியை இறக்கின, எடுத்தன,
ஓரடி தள்ளி மறுபடி இறக்கின.
ஏழு நாள். எட்டு. பத்து.
விரலால் கிளறினேன்.
சாம்பல். சாம்பலுக்குக் கீழே சாம்பல்.
குறுணை அரிசி போல வெளுப்பாக
விரலில் ஒட்ட ஒன்றுகூட இல்லை.

மாவட்ட அலுவலகத்திலிருந்து நிசாரத் வந்தாள்,
மோட்டார் சைக்கிளின் பின்னே
போர்வை சுற்றிய நுண்ணோக்கியைக் கட்டிக்கொண்டு.
வயிறு புடைத்த பெண்ணாகப் பார்த்து எடுத்தாள்.
"இது நிறைசூல்" என்றேன்.
பதில் சொல்லாமல் கத்தரியை ஓட்டினாள்.

நீலம்.

எங்கள் பேச்சில் அந்த நிறத்துக்கும் வானத்துக்கும்
ஒரே சொல்தான்.
நகத்தளவு வயிற்றுக்குள் மினுமினுக்கும் வானம்,
சினைப்பையை ஓர் ஓரத்துக்கு நெருக்கிவிட்டு.
அழகாக இருந்தது. அதைச் சொல்லக் கூசியது.

கொழுப்புத் திசுவில் வைரஸ் குடியேறியிருக்கிறதாம்.
கிருமியை எதிர்க்கும் சரக்கெல்லாம்
உருவாகும் இடமே அதுதானாம்.
"காய்ச்சல் வந்தால் சுருண்டு படுப்பீர்களே அக்கா,
அதை நோய் மட்டும் செய்வதில்லை, உங்கள் உடம்பும் செய்கிறது.
சண்டை முடியும்வரை அடுப்படியைப் பூட்டி வைக்கிறது:
பசி வேண்டாம், ஆசை வேண்டாம் என்று.
இங்கே சாவி வைத்திருந்தவனையே பிடித்துவிட்டது.
நோயாளி என்று இவற்றுக்குத் தெரியாது."
ஆணின் விந்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிக் காட்டினாள்.
ஏதோ கிடந்தது. நீந்தவில்லை.

"அப்புறம் எதற்குப் பாட்டு?"

கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:
"ஒன்றையொன்று தொட்டால்தானே பரவும்."

பன்னிரண்டையும் அழிக்கச் சொன்னார்கள்.
தகர உருளையில் போட்டு எரித்தோம்.
திருவிழாக் கடையில் வறுக்கும் அதே மணம் எழுந்தது.
வாயில் எச்சில் ஊறியது எனக்கு.
புன்சோங்கைப் பார்த்தேன்.
அவரும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

தொட்டிகளுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று.
மூன்று மாதம் எதையும் விடக்கூடாது.
புதுக் கிண்ணங்கள் பத்தில் விதை நட்டேன்;
மிச்சம் கிணற்றடியில் கவிழ்ந்து கிடக்கின்றன.

நேற்றிரவு, கேஸ் சிலிண்டருக்குப் பின்னால்
ஒன்று தொடங்கியது.
எந்தத் தொட்டியிலிருந்து தப்பியதோ,
வயலிலிருந்து வழி தவறியதோ.
நலமாக இருந்தால் பாடும்.
இல்லையென்றால் இன்னும் நன்றாகப் பாடும்.

புன்சோங் செருப்பைக் கையில் பிடித்தபடி
இருட்டில் நிற்கிறார்.
வெகுநேரமாக நிற்கிறார்.
நான் விளக்கைப் போடவில்லை.